இல்லாத பேரனுக்குக் கிடைத்த நேரம்

இந்தக் காலத்தில் அரைக் கிலோ ரவை வாங்கப் போனாலும் போன் நம்பர் கேட்கிறார்கள். பனியன் வாங்கினால் கேட்கிறார்கள். பாண்டி பஜாரில் செருப்பு வாங்கினேன். காலில் மாட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே நம்பர் சொல்லுங்க என்றான். காலுக்கும் நம்பருக்கும் என்ன சம்பந்தம் என்றேன். சிஸ்டம் கேக்குது சார் என்றான். அது என்ன என் மாமனாரா, கேட்டதும் சொல்வதற்கு? ஜனங்களும் கூச்சமில்லாமல் பத்து எண்ணையும் பின்னால் நிற்கிறவன் காதில் விழும்படி ஒப்பிக்கிறார்கள்.

நான் சொல்ல மாட்டேன். சொன்னாலும் சரியாகச் சொல்ல மாட்டேன். என் நம்பர் நாற்பத்தேழில் முடியும். நான் எழுபத்து நாலு என்பேன். பேரும் அப்படித்தான். வாயில் எது வருகிறதோ அது.

சும்மா வந்த பழக்கம் இல்லை. தேனாம்பேட்டை சிக்னலில் ஒரு ஸ்கூட்டர்காரன் விழுந்ததைப் பார்த்து, போலீஸ்காரரிடம் நல்ல பிள்ளையாகப் பேரும் விலாசமும் கொடுத்தேன். சாட்சி சொல்ல ஒன்பது வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தேன். விழுந்தவன் எழுந்து, கல்யாணம் பண்ணி, இரண்டு பிள்ளை பெற்று, விழுந்ததையே மறந்துவிட்டான். எனக்கு மட்டும் சம்மன் வந்துகொண்டே இருந்தது. அன்றோடு ராஜநாயகம் என்ற பேரை நான் வெளியில் கொடுப்பதில்லை.

அந்தப் பழக்கம் என் பேத்தியின் தலையில் போய் விழுந்தது.

சோஃபியாவை மந்தைவெளி ரயில் நிலையத்தில் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பி.காம். இரண்டாம் வருஷம். காலேஜுக்கு என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, பறக்கும் ரயில் பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பாள். நான்தான் கண்டுபிடித்தேன். வகுப்பில் பேர் கூப்பிட்டால் ‘பிரசன்ட்’ என்ற ஒரு வார்த்தை வரவில்லை, நெஞ்சு அடைக்கிறது, கை நடுங்குகிறது என்றாள். பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டியே முப்பத்தொரு வருஷம் ஓட்டியவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. இதற்கு எந்த ஸ்பேனர் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வழியை அவளே சொன்னாள். அடையாறில் ஒரு டிரஸ்ட் இருக்கிறதாம். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் போய் மனதில் இருப்பதைப் பேசலாமாம். அம்மாவுக்குத் தெரியக் கூடாது. அவள் அம்மா லூயிசா, என் மருமகள், பள்ளிக்கூட டீச்சர். பிள்ளைகளின் பையைச் சோதித்துப் பழகிய கை, வீட்டுக்கு வந்ததும் மகளின் போனுக்குத்தான் போகும். அதனால் உன் நம்பரைக் கொடு தாத்தா என்றாள். அடையாறு வரை கூட வந்தாள், கேட்டைத் தாண்டவில்லை. வெளியே வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டாள். நான் உள்ளே போய்ப் பதிந்துவிட்டு வந்தேன். காத்திருப்பவர்கள் அதிகம், ஆறு வாரம் ஆகும், நேரம் வந்ததும் கூப்பிடுவோம் என்றார்கள்.

இந்த வியாழக்கிழமையோடு ஏழு வாரம்.

காலையில் லூயிசா ஒரு கையில் இட்லியும் இன்னொரு கையில் விடைத்தாள் கட்டுமாக வீட்டை மூன்று சுற்று சுற்றினாள்.

“மாமா, உங்க பையன் மஸ்கட்லேர்ந்து பேசினாரு. சோஃபி ஏன் போன்ல சரியாவே பேசலன்னு கேக்கறாரு.”

“பரீட்ச வருதுல்ல.”

“பரீட்ச எனக்கும்தான் வந்துச்சு. நான் பேசாமலா இருந்தேன்?”

“நீ எப்பம்மா பேசாம இருந்த?”

சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே மகளின் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர் சாதத்தை அழுத்தி, மேலே ஒரு கரண்டி மாதுளை முத்துப் போட்டாள். “சாப்பாட்ட அப்படியே திருப்பிக் கொண்டு வர்றா மாமா. இதாவது உள்ள எறங்குதா பாக்கலாம்” என்றாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன்.

அவள் போன பிறகு சோஃபியா மாடிப்படியில் என்னை நிறுத்தினாள்.

“ஏழு வாரம் ஆச்சு தாத்தா.”

“கூப்டுவாங்க.”

“மாட்டாங்க. என்னவிட மோசமா இருக்கறவங்க நெறய பேர் இருப்பாங்கல்ல. விடு. காலேஜ்லேர்ந்து நின்னுடறேன்னு சாயங்காலம் அம்மாகிட்ட சொல்லிடப் போறேன்.”

“நான் நேர்ல போய் கேட்டுனு வரட்டா?”

“வேணாம். ஒரு தடவ கேக்கறதுக்கே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. இன்னொரு தடவ கேக்க என்கிட்ட ஒண்ணும் மிச்சம் இல்ல.”

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். பையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஏன் கூப்பிடவில்லை என்று யோசித்துக்கொண்டே நானும் இரண்டு படி இறங்கினேன். மூன்றாவது படியில் கால் நின்றுவிட்டது. அன்றைக்கு டிரஸ்டில் எழுதிக்கொண்ட பெண்ணிடம் நான் என்ன நம்பர் சொன்னேன்? நாக்கு அது பாட்டுக்குச் சொல்லிக் காட்டியது. எழுபத்து நாலு.

நம்பர் மட்டும் இல்லை. கல்யாணம் ஆக வேண்டிய பெண்ணின் பேர் எதற்கு ஒரு நோட்டில் ஏற வேண்டும் என்று, ‘என் பேரன், ஜவஹர், வயசு இருபது’ என்று சொல்லியிருந்தேன். ஜவஹர் எங்கள் டிப்போ ஃபோர்மேன். செத்துப் பல வருஷம் ஆகிறது.

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து பஸ் ஏறினேன்.

அடையாறில் அந்த இடம் ஒரு பழைய வீடு. போர்டில் வியாதி, வைத்தியம் என்று ஒரு வார்த்தை கிடையாது. உள்ளே மேசையில் மஹ்விஷ் என்ற பெண், தலையில் முக்காடு, கையில் நீலப் பேனா. முதல் தடவை எழுதிக்கொண்டவளும் இவள்தான்.

“ஏம்மா, எங்க ஜவஹருக்கு இன்னும் போன் வரலியே. நம்பர் எதனா மாறிப் பூட்ச்சா?”

நோட்டைப் புரட்டினாள். “ஜவஹர், இருபது வயசு. திங்கக்கிழமையே பேசிட்டோமே ஐயா. வர்றேன்னு சொன்னாரு.”

“யாரு சொன்னது?”

“ஜவஹர்தான். பத்து மணிக்கு வந்துட்டாரே. இப்ப உள்ள பேசிட்டிருக்காரு.”

எனக்கு உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது. இல்லாத பேரன் உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறான்.

“போன்ல நீ இன்னாம்மா சொன்ன?”

“வீட்ல யார் எடுப்பாங்கன்னு தெரியாதுல்ல. அதனால பேர் சொல்ல மாட்டோம். ‘அடையாறுலேர்ந்து பேசறோம், நீங்க ஒருத்தர்கிட்ட பேசணும்னு கேட்டிருந்தீங்க, நேரம் கிடைச்சிருக்கு, வர முடியுமா’ன்னு மட்டும் கேப்போம்.”

“அதுக்கு அவன்?”

“கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் வர்றேன்னாரு. இங்க வந்ததும் ஜவஹரான்னு கேட்டேன், தலையாட்டினாரு.”

உள்ளதைச் சொன்னேன். நம்பர், பேர், வயது, பேரன் எல்லாம். அவள் கையால் வாயை மூடிக்கொண்டாள். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

அப்போது உள் கதவு திறந்தது. ஒல்லியாக ஒரு பையன், இருபத்திரண்டு இருக்கும். தி.நகர் துணிக்கடைச் சட்டை. பேர் எழுதிய வில்லையைத் திருப்பிக் குத்தியிருந்தான். முகம் கழுவியிருந்தான், கண் மட்டும் சிவப்பு.

“நீதான் ஜவஹரா?” என்றேன்.

மஹ்விஷைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “இல்லய்யா. இசக்கிமுத்து.”

“அப்ப இன்னாத்துக்குத் தலையாட்டின?”

“இங்க வாரவங்களுக்கு எல்லாம் ஒரு பேரு போட்டுத்தான் கூப்பிடுவாங்க போலன்னு நெனச்சேன். அதுவும் நல்லதுதான்னு இருந்துட்டேன்.”

ஊர் நாங்குநேரிப் பக்கம். சேலைப் பிரிவில் நிற்கிறான். கடைக்காரர்கள் கொடுத்த ஹாலில் பதினாலு பேரோடு படுக்கை.

“மூணு மாசமா ஒறக்கமே இல்லய்யா. சேலைய விரிச்சுக் காட்டிட்டு இருக்கும்போதே கை அப்படியே நின்னுரும். எதுக்கு விரிச்சோம்னு தெரியாது. யாருட்டயும் சொன்னதில்ல. திங்கக்கிழம போன் வந்துச்சு. நீங்க கேட்டிருந்தீங்கன்னாவ. நான் கேக்கல்லய்யா. ஆனா மனசுக்குள்ள கேட்டேன்ல்லா. அது யாரு காதுலயோ விழுந்துருக்கும் போலன்னு வந்துட்டேன்.”

திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தேன். திருடனைப் பிடித்த சந்தோஷம்கூட எனக்கு இருந்தது. ஆனால் இங்கே திருடன் யார் என்று பார்த்தால் விரல் என் பக்கம்தான் திரும்புகிறது. வாயை மூடிக்கொண்டேன்.

“அப்ப இது யாரோட நேரம்?” என்றான்.

“என் பேத்தியோடது.”

அவன் முகம் சுருங்கிவிட்டது. “அடுத்த வியாழனும் வரச் சொல்லியிருக்காவ. அத அவங்களுக்குக் குடுத்துருங்க. நான் வரல்ல.”

“செரிப்பா” என்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொன்னேன்.

மஹ்விஷ் பேனாவை மேசையில் வைத்தாள். “நீங்க ரெண்டு பேரும் மாத்திக்கறதுக்கு இது பஸ் சீட்டா? இசக்கிமுத்து, வியாழக்கிழம உங்க நேரம். உங்க பேர்லயே எழுதறேன். நீங்க வர்றீங்க.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “உங்க பேத்திய வரிசையில புதுசா சேக்கணும். இன்னொரு ஆறு வாரம்.”

“முடியாதும்மா. அவ இன்னொரு தபா கேக்க மாட்டா. கேக்க ஒண்ணும் மிச்சம் இல்லன்னு சொல்லிட்டா.”

  அவள் நோட்டை மறுபடி புரட்டினாள்.

“பன்னெண்டரைக்கு ஒருத்தங்க வரலன்னுட்டாங்க. வரிசையில அடுத்து இருக்கற மூணு பேருக்கும் போன் போட்டுப் பாத்தேன். இவ்வளவு அவசரத்துல முடியாதுன்னாங்க. உங்க பேத்தி அதுக்குள்ள வந்தா உள்ள அனுப்பறேன். ஆனா அவங்களா வரணும். நீங்க போய் கையப் புடிச்சு இழுத்துட்டு வரக் கூடாது.”

“வருவா.”

“மொதல்ல உங்க நம்பரச் சொல்லுங்க.”

சொன்னேன். என்னை நம்பாமல் தன் போனில் அடித்து, என் சட்டைப் பையில் மணி அடிக்கும் வரை காத்திருந்தாள். இந்தப் பெண்ணை எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று.

வெளியே வந்து சோஃபியாவுக்குப் போன் போட்டேன். பின்னால் ரயில் போகிற சத்தம் கேட்டது.

“என்ன தாத்தா?”

“சோஃபி, அவங்க மேல தப்பு இல்ல. நான் நம்பர மாத்திக் குடுத்துட்டேன்.”

“எந்த நம்பர?”

எல்லாவற்றையும் சொன்னேன்.  டயர் வெடிப்பதற்கு முன்னால் இப்படி ஓர் அமைதி இருக்கும். தெரிந்தவன் தள்ளி நின்றுகொள்வான். எனக்குத் தள்ளி நிற்க இடமில்லை.

“அப்ப அவங்க என்ன மறக்கலயா?”

“மறக்கல. திங்கக்கிழமயே கூப்டுட்டாங்க.”

“நான் என்ன நெனச்சேன் தெரியுமா தாத்தா? எனக்கு ஒரு பதில் சொல்லணும்னுகூட யாருக்கும் தோணலன்னு நெனச்சேன். ஏழு வாரமும் அதத்தான் நெனச்சேன்.”

“தப்புதான்” என்றேன். எழுபத்திரண்டு வயதில் நான் அந்த வார்த்தையைச் சொல்வது இரண்டாவது தடவை. முதல் தடவை மாதா கோவிலில், பாவமன்னிப்புக்குச் சாமியாரிடம். அது கட்டாயத்துக்கு.

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

“ஏன் தாத்தா, எனக்கு வெக்க உனக்கு வேற பேரே கெடைக்கலயா?”

“அவசரத்துல அதான் வந்துச்சு.”

“ஜவஹர்.”

சிரித்தாளா அழுதாளா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது.

“பன்னெண்டரைக்குள்ள வரணுமாம். நான் வந்து கூட்டினு வரக் கூடாதாம். வண்டி ஏறி கஸ்தூர்பா நகர்ல எறங்கு” என்றேன்.  போன் நின்றுவிட்டது.

அத்தனை நாள் அந்த பெஞ்சில் உட்கார்ந்து வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தவள், ஒரு வண்டியில்கூட ஏறவில்லை. மந்தைவெளியிலிருந்து கஸ்தூர்பா நகர் மூன்றாவது நிறுத்தம். எனக்கு அது திருச்சியைவிடத் தூரமாகத் தெரிந்தது.

இசக்கிமுத்துவுக்குக் கடையில் ஒன்றரை மணி வரை பர்மிஷன். போகவில்லை. எதிர்க் கடையில் இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை என் கையில் வைத்தான்.

“வருவாங்களாய்யா?”

“தெரிலப்பா.”

பன்னிரண்டு பத்துக்கு வந்தாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, நெற்றியெல்லாம் வியர்வையோடு தெருமுனையில் திரும்பினாள். வந்தவள் கேட்டுக்கு வெளியே அதே வேப்ப மரத்தடியில் நின்றுவிட்டாள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். கூட்டிக்கொண்டு வரலாம் என்று திண்ணையிலிருந்து எழுந்தேன். ஜன்னல் வழியாக மஹ்விஷ் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

இசக்கிமுத்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மரத்தடிக்குப் போனான். அவளிடமிருந்து நாலு அடி தள்ளி நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“நீங்கதான் நெசமான ஜவஹரா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க போலியா?”

“ஆமா. உங்க நேரத்துல போய் நல்லா அழுதுட்டு வந்துட்டேன். மன்னிச்சுக்கிடுங்க.”

“பரவாயில்ல.” துப்பட்டா நுனியை விரலிலிருந்து அவிழ்த்துக்கொண்டே, “உள்ள என்ன கேப்பாங்க?” என்றாள்.

“தண்ணி வேணுமான்னு கேட்டாவ. வேண்டாம்னேன். பெறவு நான் பத்து நிமிசம் ஒண்ணுமே பேசல்ல. பேசாமலும் இருக்கலாம்னு சொன்னாவ. அதுக்குப் பெறவுதான் எனக்குப் பேச்சே வந்துச்சு.”

“பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களா?”

“மேசைல ஒருக்கா கேப்பாவ. தலையாட்டினாப் போதும். உள்ளருந்து கூப்பிட மாட்டாவ. கதவத் தொறந்து பாப்பாவ. நாம எந்திச்சுப் போணும், அவ்வளவுதான்.”

அவள் அதை மனதில் ஒரு தடவை நடந்து பார்த்தாள் போலிருக்கிறது. பிறகு கேட்டைத் தள்ளினாள். என்னைத் தாண்டும்போது நின்றாள்.

“நீ போயிடு தாத்தா. நீ வெளிய ஒக்காந்திருக்கன்னு தெரிஞ்சா எனக்கு உள்ள பேச்சு வராது.”

“எங்கடி போவேன்?”

“எங்கயாவது போ. யாருக்காவது தப்பு நம்பர் குடுத்துட்டு வா.”

மேசையில் அவள் தலையாட்டியது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் உள் கதவு திறந்தது. யாரும் கூப்பிடவில்லை. அவளாக எழுந்து போனாள். கதவு மூடிக்கொண்டது.

“அடுத்த வியாழன் வாரேன்ய்யா” என்று சொல்லிவிட்டு இசக்கிமுத்து தி.நகர் பஸ்ஸுக்கு ஓடினான்.

அவன் தலை மறைந்ததும் என் போன் அடித்தது. லூயிசா.

“மாமா, எங்க இருக்கீங்க? காலேஜ்லேர்ந்து போன் வந்துச்சு. சோஃபி ரெண்டு மாசமா வரலன்னு சொல்றாங்க. வேற சோஃபியாவா இருக்கும்னு அவங்ககிட்ட சண்ட போட்டேன் மாமா. ரோல் நம்பர் சொன்னாங்க. அவளுதுதான்.”

வாயில் மூன்று பொய் தயாராக வந்து நின்றன. மூன்றும் நல்ல பொய். அவள் குரலைக் கேட்டதும் மூன்றும் பின்வாங்கிவிட்டன.

“அடையாறுல கீறோம்மா. சோஃபி ஒருத்தங்ககிட்ட பேசிக்கினு கீறா. மனசு செரியில்லன்னா பேசற எடம்.”

“யார்கிட்ட பேசறா?”

“நீயும் இல்லாம நானும் இல்லாம ஒருத்தங்ககிட்ட.”

பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். அவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் அவள் பேசாமல் இருந்தது எனக்குக் கேட்டது.

“என்கிட்ட பேசக் கூடாதா மாமா அவ? தினம் சாப்பாடு கட்டிக் குடுக்கறேன். தல வாரி விடறேன். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“அதில்லம்மா…”

“இப்பவே கெளம்பறேன். மந்தைவெளில வண்டி புடிச்சா இருவது நிமிஷம். நீங்க அங்கயே நில்லுங்க. கதவத் தட்டியாவது அவள வெளிய கூப்பிட்டுப் பேசணும் நான்.”

ஒருத்தி போ என்கிறாள். ஒருத்தி நில் என்கிறாள். உள்ளே ஒரு கதவு மூடி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வாசலுக்கு வந்த மஹ்விஷ் என் பேச்சைக் கேட்டுவிட்டுச் சொன்னாள். “பெத்தவங்களும் வந்து பேசலாம் ஐயா, அதுக்கு வேற நாள் இருக்கு. உங்களுக்கும் வேணும்னா ஒரு நேரம் எழுதிக்கட்டா?”

“எனக்கு இன்னா கேடு? நான் நல்லாத்தான் கீறேன்.”

சொல்லிவிட்டு நடந்தேன். தெரியாத ஒருத்தரோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினால் அடைத்த நெஞ்சு திறந்துகொள்ளுமா? அந்தப் பையன் அழுதான், சரி. அழுவதற்கு ஓர் அறையும் மின்விசிறியும் எதற்கு? அந்த பெஞ்சிலேயே என்னிடம் அவள் பேசியிருக்கலாமே. இந்த ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. யாராவது வந்து விளக்கினாலும் வரப் போவதில்லை.

ஆனால் அந்தக் கதவை லூயிசா தட்டக் கூடாது. அது மட்டும் தெரிந்தது. கஸ்தூர்பா நகர் ஸ்டேஷன் படியிலேயே அவளைப் பிடித்து நிறுத்த வேண்டும். பெற்ற தாயை என்ன சொல்லி நிறுத்துவது என்று எனக்கு ஒரு வார்த்தையும் அகப்படவில்லை. இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் ஆள் வைத்திருக்கிறார்களாமே, அவர்களைத்தான் கேட்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே ஸ்டேஷன் பக்கம் நடையை எட்டிப் போட்டேன்.